ஆன்டிபாடி இருப்பது டி செல்லுக்கு உதவியா, இடைஞ்சலா?

ஈசூன்மாறன் | சனி, இரவு 9:40

வணக்கம். அறிவியல் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன்.

அம்மாவுக்கு ருமட்டாய்டு மூட்டு வாதம். ரிட்டுக்சிமேப் ஏற்றிக்கொள்கிறார். கொவிட் தடுப்பூசி போட்ட பிறகு ஆன்டிபாடி அளவைப் பார்த்தோம், ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. மருத்துவர், "இந்த மருந்து பி செல்களை அழித்துவிடும், அதனால் ஆன்டிபாடி ஏறாது, ஆனால் டி செல் வேலை செய்யும்" என்றார். அதற்குமேல் விளக்கம் கேட்க அங்கே நேரமில்லை.

இன்னொரு பக்கம், எங்கள் புளோக்கில் டெங்கி எச்சரிக்கைக்கான சிவப்புப் பதாகை தொங்குகிறது. எனக்கு 2020-இல் டெங்கி வந்து போனது. இரண்டாம் முறை வந்தால் உடம்பில் இருக்கும் பழைய ஆன்டிபாடியே கெடுதல் செய்யும் என்கிறார்கள். அம்மாவுக்கு ஆன்டிபாடி இல்லையே என்று கவலை, எனக்கு இருக்கிறதே என்று கவலை.

ஆன்டிபாடியும் டி செல்லும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வேலை செய்கின்றனவா? இல்லை, ஆன்டிபாடி இருப்பதும் இல்லாததும் டி செல்லின் வேலையை மாற்றுமா?

---

கதிர்_தெம்பனிஸ் | சனி, இரவு 10:05

தொடக்கக் கல்லூரியில் உயிரியல் படித்த அளவுக்குச் சொல்கிறேன். ஆன்டிபாடி செல்லுக்கு வெளியே மிதக்கும் வைரஸைப் பிடிக்கும். வைரஸ் செல்லுக்குள் புகுந்துவிட்டால் ஆன்டிபாடியால் எட்ட முடியாது, அப்போது டி செல் வந்து அந்தச் செல்லையே கொல்லும். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. ஆன்டிபாடி நன்றாக வேலை செய்தால் டி செல்லுக்கு வேலை குறையும், அவ்வளவுதான் தொடர்பு. அம்மாவின் மருத்துவர் சொன்னது சரியாகத்தான் படுகிறது.

---

நுண்ணோக்கி | சனி, இரவு 11:30

கதிர் சொன்னது பாடப்புத்தக அளவில் சரி. ஆனால் மாறனின் கேள்விக்கு அது போதாது. நான் நோய் எதிர்ப்பாற்றல் ஆய்வகத்தில் வேலை செய்பவன், எங்கள் துறையில் தினமும் பேசும் விஷயம் இது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டி செல்லுக்கு முழு வைரஸைப் பார்க்கத் தெரியாது. ஆன்டிபாடி வைரஸின் மேற்பரப்பை அது இருக்கும் வடிவத்திலேயே பிடிக்கும். டி செல்லுக்கு அப்படியில்லை. வேறொரு செல் அந்த வைரஸ் புரதத்தை வெட்டி, சின்னச் சின்னத் துணுக்காக்கி, எம்எச்சி என்ற மூலக்கூறில் வைத்து மேற்பரப்பில் நீட்டினால்தான் டி செல் அதைக் கவனிக்கும். பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் சிங்கர்நாகலும் 1974-இல் கான்பராவில் கண்டுபிடித்தது இதன் அடிப்படையைத்தான். 1996-இல் நோபெல் பரிசு வாங்கினார்கள்.

ஆகவே டி செல் எதைப் பார்க்கிறது என்பது, வெட்டித் துணுக்காக்கும் செல்லுக்குள் என்ன போகிறது, எப்படிப் போகிறது என்பதைப் பொறுத்தது. ஆன்டிபாடி நுழைவது அந்த இடத்தில்தான்.

ஒரு டி செல்லை முதன்முதலில் தட்டி எழுப்புவதில் கெட்டிக்காரச் செல் டென்ட்ரிட்டிக் செல். அதன் மேற்பரப்பில் எஃப்சி ஏற்பிகள் இருக்கின்றன. ஆன்டிபாடியின் இரண்டு கைகளும் வைரஸைப் பிடித்திருக்கும்போது அதன் வால் பகுதி வெளியே நிற்கும். அந்த வாலைத்தான் எஃப்சி ஏற்பி பிடித்து இழுக்கிறது. பழைய சிங்கப்பூர் ஆற்றங்கரைக் கிட்டங்கிகளில் மூட்டை தூக்கியவர்கள் கையில் ஒரு கொக்கி இருக்கும், வெறுங்கைக்குப் பிடிபடாத மூட்டையைக் கொக்கி போட்டால் ஓர் இழுப்பில் தோளுக்கு ஏற்றிவிடலாம். ஆன்டிபாடி வைரஸுக்குப் போடுவது அந்த மாதிரிக் கொக்கிதான். தனியாகத் திரியும் வைரஸ் புரதம் நிறைய இருந்தால்தான் டென்ட்ரிட்டிக் செல்லுக்குப் போதுமானது கிடைக்கும். ஆன்டிபாடியோடு சேர்ந்த கூட்டாக வந்தால் அதில் சிறு பங்கே போதும்.

உள்ளே போனபின் இரண்டு வழிகள். ஒன்று, துணுக்குகள் எம்எச்சி இரண்டாம் வகையில் ஏறி, உதவி செய்யும் சிடி4 டி செல்களுக்குக் காட்டப்படும். இன்னொன்று, முதல் வகையில் ஏறி, கொல்லும் சிடி8 டி செல்களுக்குக் காட்டப்படும். பொதுவாக முதல் வகையில் அந்தச் செல்லே தயாரித்த புரதங்கள்தான் ஏறும். வெளியிலிருந்து வந்ததை அங்கே ஏற்றுவதற்குக் குறுக்கு வழி ஒன்று தேவை. ஆன்டிபாடிக் கூட்டு அந்தக் குறுக்கு வழியை நன்றாகத் திறந்துவிடுகிறது. 1999-இல் பாரிஸில் செபாஸ்டியன் அமிகோரேனா குழுவினர் டென்ட்ரிட்டிக் செல்களில் இதைக் காட்டினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வைரஸின் வெளிப்புரதத்தை ஆன்டிபாடி பிடித்தாலும், இழுபடுவது முழு வைரஸும்தான். அதனால் உள்ளே ஒளிந்திருக்கும் கருப்புரதத்தின் துணுக்குகளும் டி செல்லுக்குக் கிடைத்துவிடுகின்றன. வெளிப்புரதம் மாறிக்கொண்டே இருக்கும், உட்புரதங்கள் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. அதனால் இந்த உதவி சின்ன உதவி இல்லை.

---

மலர்_தமிழாசிரியை | ஞாயிறு, காலை 7:50

நுண்ணோக்கி, மிகத் தெளிவாக இருந்தது, நன்றி. அப்படியானால் ஆன்டிபாடி எவ்வளவுக்கெவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்கவ்வளவு டி செல்லுக்கு நல்லது என்று எடுத்துக்கொள்ளலாமா?

---

நுண்ணோக்கி | ஞாயிறு, காலை 10:15

இல்லை மலர் அக்கா. மூன்று இடங்களில் அது தடம் மாறுகிறது.

முதலாவது, எஃப்சி ஏற்பிகளில் பெரும்பாலானவை செல்லைத் தூண்டுபவை, ஒன்று மட்டும் அடக்குவது. எஃப்சி காமா 2பி என்று பெயர். அதே டென்ட்ரிட்டிக் செல்லில் இரண்டு வகையும் இருக்கும். தூண்டுவது ஓங்கினால் செல் முதிர்ந்து டி செல்லை எழுப்பும். அடக்குவது ஓங்கினால் துணுக்கைக் காட்டினாலும் எழுப்பும் சமிக்ஞை வராது. எது ஓங்கும் என்பது ஆன்டிபாடியின் துணைவகை, அதன் வாலில் ஒட்டியுள்ள சர்க்கரை, கூட்டின் அளவு எல்லாவற்றையும் பொறுத்தது.

இரண்டாவது, மிக அதிகமான ஆன்டிபாடி வைரஸைச் செல்லுக்குள் போகவிடாமல் துடைத்துவிட்டால், வைரஸ் பெருகவே பெருகாது. அப்போது டி செல் பார்க்க அதிகம் இருக்காது. நோய் தடுக்கப்படுவது நல்லதுதான். ஆனால் உயிருள்ள, பலவீனமாக்கப்பட்ட வைரஸ் தடுப்பூசிக்கு இது சிக்கல்.

மூன்றாவது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: ஒட்டியிருக்கும் ஆன்டிபாடி, புரதம் எங்கே வெட்டுப்படும் என்பதையே மாற்றுகிறது. 1985-இல் அன்டோனியோ லன்சவெக்கியா, பி செல் தன் ஏற்பியால் பிடித்த ஆன்டிஜெனை (எதிர்ப்பாற்றல் குறிவைக்கும் அந்நியப் பொருளை) மிகமிகக் குறைந்த அளவிலேயே டி செல்லுக்குக் காட்டுகிறது என்று நிரூபித்தார். அதன்பின் காலின் வாட்ஸும் அவரும் டெட்டனஸ் நச்சுப் புரதத்தை எடுத்து ஆராய்ந்தார்கள். அது வைரஸ் இல்லை, பாக்டீரியா நச்சு. ஆனால் பாடம் எல்லாவற்றுக்கும் பொதுவானது. 1995-இல் வெளியான அந்த ஆய்வில், ஒரே ஒரு ஆன்டிபாடி ஒட்டியிருந்ததால் ஒரு துணுக்கு பல மடங்கு அதிகமாகக் காட்டப்பட்டது, இன்னொரு துணுக்கு ஏறக்குறைய மறைந்தே போனது. ஒட்டிய இடத்தைச் சுற்றியுள்ள பகுதி செல்லுக்குள் இருக்கும் வெட்டும் நொதிகளிடமிருந்து காப்பாற்றப்படுகிறது. அந்தக் காப்பு சில துணுக்குகளுக்கு ஆதாயம், சிலவற்றுக்கு நட்டம்.

எச்ஐவியில் இது நேரடியாகவே தெரியும். ஜிபி120 என்ற உறைப்புரதத்தில் சிடி4 ஒட்டும் இடத்தை நோக்கி உருவாகும் சில ஆன்டிபாடிகள் அந்தப் புரதத்தை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. செல்லுக்குள் இருக்கும் அமிலத்திலும் விடுவதில்லை. புரதம் சரியாக வெட்டுப்படாமல் போவதால் சிடி4 டி செல்களின் பதில் குறைகிறது. நியூயார்க்கில் சூசன் சோலா-பாஸ்னர் குழு இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது.

---

தாதி_ஓய்வு | ஞாயிறு, பிற்பகல் 2:20

மாறன் தம்பி, டெங்கி பற்றி நான் சொல்கிறேன். முப்பது வருஷத்துக்கும் மேல் தாதியாக வார்டில் வேலை பார்த்தவள். இரண்டாம் முறை டெங்கி வந்தவர்களைக் காய்ச்சல் இறங்கும் நாளில்தான் கண்கொத்திப் பாம்பாகக் கவனிப்போம். காய்ச்சல் விட்டதே என்று வீட்டார் சந்தோஷப்படும் நேரத்தில்தான் வயிற்றுவலி, விடாத வாந்தி, இரத்தக் கசிவு எல்லாம் தொடங்கும். இதை எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

டெங்கிக்கு நான்கு வகை வைரஸ். ஒரு வகை வந்துபோனால் அந்த வகைக்கு நீண்டகாலப் பாதுகாப்பு. வேறு வகை வந்தால் பழைய ஆன்டிபாடி பிடிக்கும், ஆனால் முடக்காது. டெங்கி ஆய்வாளர் ஸ்காட் ஹால்ஸ்டெட் இதை அறுபது, எழுபதுகளிலேயே சொன்னார். அந்த நேரத்தில் நுண்ணோக்கி சொன்ன அதே கொக்கி எதிரிக்கு வசதியாகிவிடுகிறது. எஃப்சி ஏற்பி வழியாக மோனோசைட் என்ற வெள்ளையணுவுக்குள் இழுக்கப்பட்ட வைரஸ் அங்கே சாகாமல் பெருகுகிறது.

---

கதிர்_தெம்பனிஸ் | ஞாயிறு, பிற்பகல் 3:05

அக்கா, அப்படியென்றால் டெங்கி வந்த எல்லாருக்கும் இரண்டாம் முறை ஆபத்தா? 2020-இல் மட்டும் இங்கே சிங்கப்பூரில் 35,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி வந்தது. அவர்கள் எல்லாரும் பயந்துகொண்டே இருக்க வேண்டுமா?

---

தாதி_ஓய்வு | ஞாயிறு, பிற்பகல் 3:40

பயம் வேண்டாம், கவனம் போதும். இரண்டாம் முறை வந்தவர்களிலும் பெரும்பாலானவர்களுக்குக் கடுமையாவதில்லை. ஆன்டிபாடி இருக்கிறதா இல்லையா என்பதைவிட எவ்வளவு இருக்கிறது என்பதுதான் முக்கியம் என்று நிகராகுவாவில் பிள்ளைகளைப் பல ஆண்டு தொடர்ந்து கவனித்த ஆய்வு காட்டியது. 2017-இல் வெளியானது. ஆன்டிபாடி அளவு (எத்தனை மடங்கு நீர்த்தாலும் ஆன்டிபாடி தெரிகிறது என்ற கணக்கு) 1:21-க்கும் 1:80-க்கும் இடைப்பட்டவர்களுக்குத்தான் கடும் டெங்கி அபாயம் மிக அதிகம். அதற்கு மேலே இருந்தால் பாதுகாப்பு. அதற்குக் கீழேயோ, இல்லாமலோ இருந்தால் அந்த அளவு அபாயம் இல்லை.

---

நுண்ணோக்கி | ஞாயிறு, மாலை 6:30

அக்கா சொன்ன அந்த இடைப்பட்ட அளவு விஷயத்தோடு டி செல்லை இணைத்துப் பார்க்கலாம், ஏனென்றால் மாறன் கேட்டது அதைத்தான்.

டெங்கியில் டி செல் நல்லதா கெட்டதா என்று பெரிய விவாதமே நடந்திருக்கிறது. 2003-இல் தாய்லாந்துப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், இரண்டாம் தொற்றின்போது எழும்பிய டி செல்களில் பல, தற்போது வந்திருக்கும் வைரஸைவிட முன்பு வந்த வைரஸையே இறுகப் பிடித்தன என்று தெரிந்தது. நிறைய டி செல்கள், ஆனால் எதிரியைச் சரியாகப் பிடிக்காதவை. அவைதான் கொந்தளிப்பை உண்டாக்கி இரத்தக் குழாய்களைக் கசியவைக்கின்றனவோ என்று சந்தேகம் எழுந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 2013-இல், இலங்கையில் இரத்தம் சேகரித்து நடத்திய ஆய்வு வேறு திசையைக் காட்டியது: வலுவான, பல வேலை செய்யும் சிடி8 பதில் உள்ள மரபு வகையினருக்குக் கடும் டெங்கி குறைவு. இப்போது ஆய்வாளர்களில் பலர் டி செல்லைப் பாதுகாவலனாகவே பார்க்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். மேலே உள்ள ஆன்டிபாடி முறைகேடு நடந்து வைரஸ் பலமடங்கு பெருகிவிட்டால், அவ்வளவு ஆன்டிஜெனுக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல வேண்டிய நிலைமை டி செல்லுக்கு வருகிறது. குற்றவாளி டி செல் என்று சொல்வதற்கு முன்னால், அதன்முன் கொட்டப்பட்ட குவியலைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று: எஃப்சி ஏற்பி வழியாகச் செல்லுக்குள் போகும்போது சாதாரணமாக அபாயமணி அடிக்க வேண்டும், வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் வழிகள் விழிக்க வேண்டும். டெங்கி வைரஸ் லில்ஆர்பி1 என்ற அடக்கும் ஏற்பியையும் கூடவே பிடித்து அந்த மணியை அமுக்கிவிடுகிறது. 2014-இல் நம் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளியின் ஊய் எங் இயோங் குழு கண்டுபிடித்தது இது.

டெங்வாக்சியா என்ற டெங்கித் தடுப்பூசிக்கு வந்த சங்கடமும் ஆன்டிபாடி, டி செல் என்ற இந்த இரண்டு நூலும் சேரும் இடம். இங்கே சுகாதார அறிவியல் ஆணையம் 2016 அக்டோபரில் 12 முதல் 45 வயதினருக்கு அனுமதித்தது. 2017 நவம்பரில், முன்பு டெங்கி வராதவர்கள் போட்டுக்கொண்டால் பிற்பாடு கடும் டெங்கி அபாயம் கூடுகிறது என்று தயாரிப்பு நிறுவனமே அறிவித்தது. டெங்கி வராதவருக்கு அந்த ஊசி முதல் தொற்று மாதிரி வேலை செய்து, அரைகுறை ஆன்டிபாடியை விட்டுச்செல்கிறது. அதன் கட்டமைப்பில் டெங்கியின் வெளிப்புரதங்கள் மட்டும்தான் இருந்தன, உட்பகுதி மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வைரஸினுடையது. டெங்கிக்கு எதிரான சிடி8 டி செல்கள் பெரும்பாலும் குறிவைக்கும் என்எஸ்3, என்எஸ்5 புரதங்கள் அதில் டெங்கியின் வடிவத்தில் இல்லை. ஆன்டிபாடி கொடுத்து டி செல்லைக் கொடுக்காத ஊசி என்று பலர் விமர்சித்தார்கள். அது முழுக் காரணம் இல்லை என்றாலும் எனக்கு அது கனமான காரணமாகவே தோன்றுகிறது.

---

ஈசூன்மாறன் | ஞாயிறு, இரவு 8:10

மலைப்பாக இருக்கிறது. இடைப்பட்ட அளவு ஆன்டிபாடி எப்போதுமே கெடுதல்தான் என்று வைத்துக்கொள்ளலாமா?

---

நுண்ணோக்கி | ஞாயிறு, இரவு 9:25

அதுவும் இல்லை. அதே டியூக்-என்யுஎஸ் குழு இங்கேயே தன்னார்வலர்களை வைத்துச் செய்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசியை முதலில் போட்டு, பிறகு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டார்கள். இரண்டும் ஒரே குடும்பத்து வைரஸ்கள், அதனால் முதல் ஊசியின் ஆன்டிபாடி இரண்டாவது வைரஸை லேசாகப் பிடிக்கும். குறிப்பிட்ட இடைப்பட்ட அளவில் அந்த ஆன்டிபாடி இருந்தவர்களுக்குத் தடுப்பூசி வைரஸ் இரத்தத்தில் கூடுதல் நாள் தங்கியது, நோய் எதிர்ப்பும் வலுவாக எழுந்தது. டெங்கியில் ஆளைப் படுக்கவைக்கும் அதே இயக்கம், பலவீனமாக்கப்பட்ட வைரஸில் தடுப்பூசிக்கு உரமாகிறது. ஆன்டிபாடி அதேபோலத்தான் இழுத்துவந்தது. வந்த வைரஸின் வீரியம்தான் வேறு.

---

புதுஅம்மா_பொங்கோல் | திங்கள், காலை 6:45

குழந்தைக்கு ஐந்து மாதம். தட்டம்மை ஊசி 12 மாதத்தில்தான் என்று பலதுறை மருந்தகத்தில் சொன்னார்கள். தாயின் ஆன்டிபாடி தடுப்பூசியைக் கெடுக்கும் என்பது காரணமாம். இந்த இழையைப் படித்ததும் கேட்கத் தோன்றுகிறது: என் ஆன்டிபாடி குழந்தையின் டி செல்லையும் கெடுக்குமா?

---

நுண்ணோக்கி | திங்கள், பிற்பகல் 1:10

அருமையான கேள்வி. தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகப் போன ஐஜிஜி ஆன்டிபாடி குழந்தையின் உடம்பில் மாதக்கணக்கில் இருக்கும், மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏறக்குறைய பாதியாகும். அது இருக்கும்போது தட்டம்மை ஊசி போட்டால் குழந்தை தானாக ஆன்டிபாடி உண்டாக்குவது தடைபடுகிறது. காரணங்களில் ஒன்று, நான் மேலே சொன்ன அடக்கும் ஏற்பி எஃப்சி காமா 2பி: ஆன்டிபாடி ஒட்டிய வைரஸைப் பிடித்த பி செல்லுக்கு நிறுத்து என்ற கட்டளை போகிறது.

ஆனால் டி செல்லிடம் அந்த ஏற்பி பெரிய வேலை செய்வதில்லை. அமெரிக்காவில் 6, 9, 12 மாதக் குழந்தைகளை ஒப்பிட்ட ஆய்வில், 6 மாதக் குழந்தைகளுக்கு ஆன்டிபாடி பதில் குறைவாக இருந்தும் டி செல் பதில் மற்றவர்களுக்கு இணையாகவே இருந்தது. தாயின் ஆன்டிபாடி இருந்தபோதும் அப்படித்தான். தட்டம்மை பரவும் இடங்களில் 6 மாதத்திலேயே கூடுதல் தவணை கொடுக்க உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதற்குப் பின்னால் இதுவும் உண்டு. அந்தத் தவணையை வழக்கமான தவணைகளின் கணக்கில் சேர்ப்பதில்லை.

---

தாதி_ஓய்வு | திங்கள், பிற்பகல் 1:45

புதுஅம்மாவுக்கு ஒரு வார்த்தை: இங்கே தட்டம்மைத் தடுப்பூசி சட்டப்படி கட்டாயம். அட்டவணைப்படி 12 மாதத்தில் தவறாமல் போடுங்கள். அதற்குமுன் தட்டம்மை பரவும் நாட்டுக்குக் குழந்தையோடு பயணம் போவதானால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஊருக்குப் போய்த் தாத்தா பாட்டியிடம் காட்ட வேண்டும் என்று நம்மவர்கள் முதல் வருஷத்திலேயே கிளம்பிவிடுவார்கள், அதனால் சொல்கிறேன்.

---

ஆறுமுகம்_ஜூரோங் | திங்கள், இரவு 8:30

இதை மருந்தாகப் பயன்படுத்த முடியாதா? ஆன்டிபாடியை ஊசியாகக் கொடுத்து, அதன் மூலம் டி செல்லைத் தூண்டுவது?

---

நுண்ணோக்கி | திங்கள், இரவு 10:50

முடிகிறது ஐயா. இப்போது மிகவும் சூடாக நடக்கும் ஆராய்ச்சி அது.

2017-இல் குரங்குகளில் ஒரு பரிசோதனை. எச்ஐவியை ஒத்த வைரஸைக் கொடுத்து, மூன்றாம் நாளில் 3பிஎன்சி117, 10-1074 என்ற இரண்டு ஆன்டிபாடிகளை ஏற்றத் தொடங்கினார்கள். ஆன்டிபாடிகள் உடம்பிலிருந்து மறைந்து வெகுகாலம் ஆன பின்னும் 13 குரங்குகளில் 6 வைரஸைக் கட்டுக்குள் வைத்திருந்தன. அவற்றின் சிடி8 செல்களை நீக்கியதும் வைரஸ் மளமளவென்று திரும்பிவந்தது. ஆன்டிபாடி போன பிறகும் அது எழுப்பிவிட்ட டி செல் காவல் காத்திருக்கிறது. அதே இரண்டு ஆன்டிபாடிகளை எச்ஐவி உள்ள மனிதர்களுக்குக் கொடுத்தபோது எச்ஐவிக்கு எதிரான டி செல் பதில் உயர்ந்ததை 2020-இல் வெளியிட்டார்கள்.

அதே 2020-இல் ஜெஃப்ரி ராவெட்ச் ஆய்வகம் இன்ஃபுளுவென்சாவில் இன்னும் துல்லியமாகக் காட்டியது. ஆன்டிபாடியின் கைகளைத் தொடவே இல்லை. வாலை மட்டும் மாற்றி, டென்ட்ரிட்டிக் செல்லின் தூண்டும் ஏற்பியான எஃப்சி காமா 2ஏ-யை நன்றாகப் பிடிக்கும்படி செய்தார்கள். மனித எஃப்சி ஏற்பிகள் பொருத்தப்பட்ட எலிகளில் பாதுகாப்பு கூடியது. சிடி8 செல்களை நீக்கினால் அந்தக் கூடுதல் பாதுகாப்பும் போனது. இந்தத் துறைக்கு வருகிற மாணவர்களிடம் நான் முதலில் படிக்கச் சொல்வது இந்த ஆய்வைத்தான்.

---

கதிர்_தெம்பனிஸ் | செவ்வாய், காலை 8:20

படித்துப் பார்த்தேன், ஒரு தோல்வியும் கண்ணில் பட்டது. ஷாங்ஹாயில் வென் யூமெய் குழு ஹெபடைடிஸ் பி நோயாளிகளுக்கு ஆன்டிஜெனையும் ஆன்டிபாடியையும் கூட்டாகச் சேர்த்தே தடுப்பூசியாகக் கொடுத்திருக்கிறார்கள். தொடக்கச் சோதனைகளில் நம்பிக்கை தந்தது, மூன்றாம் கட்டச் சோதனையில் எதிர்பார்த்த பலன் வரவில்லை. ஏன்?

---

நுண்ணோக்கி | செவ்வாய், இரவு 9:00

நாட்பட்ட ஹெபடைடிஸ் பி-யில் ஆன்டிஜென் ஏற்கெனவே ஆறாக ஓடிக்கொண்டிருக்கிறது. டி செல்கள் பல ஆண்டுகள் அதைப் பார்த்துப் பார்த்துக் களைத்துப்போயிருக்கும். களைத்த டி செல்லுக்கு இன்னும் நன்றாகக் காட்டினால் மட்டும் எழுந்துவிடாது. எலிகளில் நாட்பட்ட வைரஸ் தொற்றை ஆராய்ந்த இரண்டு குழுக்கள் 2015-இல் இன்னொரு தடையையும் கண்டன: அளவுக்கு மீறிய ஆன்டிபாடிக் கூட்டுகள் எஃப்சி ஏற்பிகளையெல்லாம் அடைத்துக்கொண்டு நின்றதால், புதிதாகக் கொடுத்த ஆன்டிபாடியின் வாலுக்குப் பிடிமானமே கிடைக்கவில்லை. குரங்குப் பரிசோதனையில் மூன்றாம் நாளிலேயே தொடங்கியது நினைவிருக்கிறதா? நேரம் அவ்வளவு முக்கியம்.

இனி மாறனின் அம்மா விஷயம். வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன், மேலே உள்ளதெல்லாம் தெரிந்தால்தான் இது புரியும்.

ரிட்டுக்சிமேப், சிடி20 என்ற அடையாளம் உள்ள பி செல்களை நீக்குகிறது. ஆன்டிபாடியை நீண்டகாலம் சுரக்கும் பிளாஸ்மா செல்களில் அந்த அடையாளம் இல்லை, அதனால் அம்மாவிடம் தட்டம்மை போன்ற பழைய நோய்களுக்கான ஆன்டிபாடி பெரும்பாலும் இருக்கும். புதிதாக உண்டாக்குவதுதான் கடினம். இதே வகை மருந்து எடுக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களை எம்ஆர்என்ஏ தடுப்பூசிக்குப் பின் ஆராய்ந்து 2021-இல் வெளியிட்டார்கள். ஆன்டிபாடி மிகக் குறைவு. பி செல்லோடு கூட்டாக வேலை செய்யும் ஒரு வகை சிடி4 டி செல்லும் குறைவு. மற்ற சிடி4 செல்கள் எழுந்தன. சிடி8 செல்கள் மருந்து எடுக்காதவர்களைவிடக் கூடுதலாகவே எழுந்தன.

மருத்துவர் சொன்னது சரிதான், ஆனால் ஒரு திருத்தத்தோடு. டி செல்லில் ஒரு பிரிவுக்கு இழப்பு, இன்னொரு பிரிவுக்கு வலு. எம்ஆர்என்ஏ ஊசியில் புரதம் நம் செல்லுக்குள்ளேயே தயாராவதால், ஆன்டிபாடி கொக்கி போடாவிட்டாலும் சிடி8-க்குத் துணுக்கு கிடைத்துவிடுகிறது. சிடி8 தொற்றை வாசலில் தடுக்காது. தொற்று கடுமையாகாமல் பார்த்துக்கொள்ள உதவும். அதனால் அம்மாவுக்குத் தொற்று எளிதில் வரலாம் என்பதை மனத்தில் வைத்து, காய்ச்சல், இருமல் வந்தால் முதல் நாளே சோதித்துவிடுங்கள். கொவிட் மாத்திரைகள் சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் தரும். மற்ற மருந்துகளோடு ஒத்துப்போகுமா என்பதையும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

ஆன்டிபாடி எண்ணைத் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டாம் என்பது என் கருத்து. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் 2021 மே மாதத்திலேயே, தடுப்பூசிக்குப் பின் பாதுகாப்பை எடைபோட அந்தச் சோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. டி செல் எவ்வளவு நாள் நிற்கும் என்று கவலைப்பட்டால் இதைச் சொல்கிறேன்: 2003-இல் இங்கே 238 பேருக்கு சார்ஸ் வந்து 33 பேர் இறந்தார்களே, அப்போது பிழைத்தவர்களிடம் 17 ஆண்டுகள் கழித்து டியூக்-என்யுஎஸ்ஸின் அந்தோனியோ பெர்ட்டோலெட்டி குழு இரத்தம் எடுத்துப் பார்த்தது. சார்ஸ் வைரஸின் கருப்புரதத்தை அடையாளம் காணும் டி செல்கள் அப்போதும் இருந்தன.

---

ஈசூன்மாறன் | புதன், இரவு 8:15

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த எண்ணைப் பார்த்ததிலிருந்து அம்மா கோயிலுக்குக்கூடப் போகாமல் வீட்டிலேயே இருந்தார். நுண்ணோக்கி எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். அடுத்த ரிட்டுக்சிமேப் இரண்டு மாதம் கழித்து. அதற்குள் தடுப்பூசி போட வேண்டுமா, அதற்குப் பிறகா?

---

தாதி_ஓய்வு | புதன், இரவு 9:05

அதற்கு முன்னால் தம்பி. முந்தைய மருந்தின் வேகம் குறைந்து, அடுத்தது ஏற்றுவதற்குச் சில வாரம் இருக்கும்போது போட்டால் பி செல் கொஞ்சமாவது திரும்பியிருக்க வாய்ப்பு உண்டு. அவசரமில்லை என்றால் மருத்துவரே அடுத்த மருந்தைச் சற்றுத் தள்ளியும் வைப்பார். அதை நீங்களாகத் தள்ளாதீர்கள், மூட்டு வலி திரும்பிவிடும்.

கடைசியாக மருந்து ஏற்றிய தேதி, அடுத்த தேதி, இதுவரை போட்ட ஊசிகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். கொவிட் ஊசியோடு இன்ஃபுளுவென்சா, நியூமோகாக்கல் ஊசிகளையும் அதே கணக்கில் வைக்கலாமா என்று கேளுங்கள். உயிருள்ள வைரஸ் தடுப்பூசி எதுவும் இப்போது அம்மாவுக்கு வேண்டாம். ஊருக்குப் போகும்போது யாராவது போடச் சொன்னாலும் இந்த மருந்தின் பெயரை முதலில் சொல்லிவிடுங்கள். வீட்டில் உள்ள மற்றவர்கள் எல்லாரும் உங்கள் ஊசிகளை முடித்துவிடுங்கள், பிள்ளைகள் உட்பட.